சூப் மூன்று கோப்பை

விசுவமடுச் சந்தியில் எனது கடை.
கண்ணாடி மாற்றுவேன். சார்ஜ் ஏறாததை ஏற்றுவேன்.
தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள் என்று
எழுதி ஒட்டியும் இருக்கிறேன். புதைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

செவ்வாய் காலை நிறஞ்சலா கொண்டுவந்தது
லான்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து விழுந்த போன்.
திரை முழுக்கச் சிலந்தி வலை.
"பாஸ்வேட் இல்லை, களவெடுக்கவும் ஒண்டுமில்லை"
சொல்லிவிட்டு உரக்கடைக்குப் போனாள்.

புதுக் கண்ணாடி போட்டேன்.
விரல் படுகிறதா என்று பார்க்க
முன்னால் கிடந்த விளையாட்டைத் திறந்தேன்.
நீலக் கூரை வீடு. பின்வளவில் பூசினிக் கொடி.
கேட்டபோது மழை.
யானை கிடையாது, வேலி சும்மா வடிவுக்கு.
ஒரு தட்டுக்கு ஒரு காய்.

குசினிக்குள் போனேன்.
பூசினி சூப்: காய் ஒன்று, பால் ஒன்று, நாலு நிமிடம்.
உப்புக் கேட்கவில்லை.
பரந்தன் தாண்டினால் ஆனையிறவு,
அங்கே வெள்ளையாய்க் குவிந்து கிடக்கிறது;
இவர்கள் அதில்லாமலே
ஒரு உலகத்தைச் சமைத்துவிட்டார்கள்.
கோப்பை விற்றால் முந்நூறு பொன்.
இந்தப் போகம் எங்களுக்குக் கிலோ பதினெட்டு ரூபா.
தம்புள்ளை லொறிக்காரர்
சாக்குக்கும் காசு கழித்தார்கள்.

சூப் கொதித்தது. வாசமில்லாத ஆவி.
மணி அடிக்கவும் கதவில் யாரோ தட்டவும் சரியாயிருந்தது.
சிவப்புத் தொப்பி, தோளில் பை,
பசித்த முகம் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.
கொடுத்தேன், குடித்தான்.
தலைக்கு மேலே ஒரு இதயம் எழும்பி வெடித்தது.
அது பார்க்க நல்லாயிருந்ததால்
இரண்டாம் கோப்பை.
பிறகு மூன்றாவதும்.

பின்னேரம் வந்தவள் போனை வாங்கி
கண்ணாடியைப் பார்க்கவில்லை, வளவைப் பார்த்தாள்.
"மூண்டு காய் குறையுது."
"டச் பார்க்கத்தான்…"
"ஆருக்குக் குடுத்தனீர்?"
"சிவப்புத் தொப்பிக்கு."
"ஐயோ, அவன்ர பேரைத் தட்டிப் பாரும்."

தட்டினேன்.
அவள் வைத்த பெயர்: புதன்கிழமை.

"அவனுக்கு நான் கருகின முட்டை மட்டும்தான் குடுக்கிறனான்.
மூண்டு மாசமாய் வெறுப்பேத்தி
படலைக்கு அங்கால நிப்பாட்டி வைச்சிருந்தன்.
இனி ஒவ்வொரு நாளும் வருவான்."
அதற்குள் வந்துவிட்டான்.
பாத்திக்கு நடுவே நின்று கையசைத்தான்.

கூலி நாலாயிரத்து ஐந்நூறு.
மூவாயிரமும் ஒரு பூசினிக்காயும் தந்தாள்,
மண்ணில் கிடந்த பக்கம் மஞ்சளாய் வெளிறிய பெரிய காய்.
"மிச்சம் புதன் கழிய."
எந்தப் புதன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பத்தரைக்கு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.
கண்ணாடி ஒட்டுகிற மெஷினுக்கு நானும் எடுத்திருக்கிறேன்,
கிழமைக்கு இரண்டாயிரத்து எழுநூறு.
ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார், பூசினிக்குப் பக்கத்தில்.
கொப்பியை விரித்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.
"நல்ல காய்" என்றார்.
பாதி வெட்டித் தரட்டோ என்று கேட்டுவிட்டேன்.
ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.
அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.
நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன்.

ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.