முக்கோணச் சாவி

வாரத்தில் ஐந்து நாள்
ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனிக்காக
ஆட்டோக்காரர்களிடம் தவணை கேட்பவள் நான்.
ஆறாம் நாள்
மஸ்கெலியாவில், சங்கக் கடை மேல்மாடியில்
பிள்ளைகளிடம் கேட்கிறேன்:
என்னவாகப் போகிறாய்?

இரண்டு கேள்விக்கும்
ஒரே மாதிரித்தான் தரையைப் பார்க்கிறார்கள்.

பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள்.
கொழுந்து கூடிய மாதம் பதினொருவர் வந்தார்கள்,
மழை கூடிய மாதம் ஏழு பேர்.
விண்ணப்பம் சிங்களத்தில் வரும்.
நான் தமிழில் வாசிப்பேன்,
அவர்கள் இங்கிலீஷில் நிரப்புவார்கள்.
மூன்று மொழியிலும் நிரம்பாத கோடு ஒன்று உண்டு:
வீட்டு இலக்கம்.

லயத்துக்கு எண் இருக்கிறது.
காம்பராவுக்கு இல்லை.
கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் கிடந்து
யாராவது அந்தப் பக்கம் போனால் வீடு வரும்.
நேர்முகத் தேர்வுக்கான கடிதம்
தேர்வு முடிந்த ஒன்பதாம் நாள்
கிஷோகாந்தின் கைக்கு வந்தது.
பத்தாம் நாள் அவன் கொழும்பு பஸ் ஏறினான்.
விருப்பம்: வெல்டிங்.
நகல் இன்னும் என் பைலில் இருக்கிறது.

சதுர்ஷிகா
தாதி என்று எழுதவில்லை. டீச்சர் என்றும் எழுதவில்லை.
தையல் என்று நானே எடுத்துக்கொடுத்ததை
காது கேளாதவள் போல விட்டுவிட்டாள்.
"லிப்ட் திருத்துறது மிஸ்."

லிப்டில ஏறியிருக்கியா?
"இல்ல."
பார்த்திருக்கியா?
"போன்ல."

அவள் அக்காவுக்கு வெள்ளவத்தையில் வீட்டு வேலை.
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்
நாற்பது நிமிடம் நின்றுபோன பெட்டிக்குள்
ஒரு கையில் மீன் பை,
மறு கையில் போன், போனில் தங்கச்சி.
அக்கா முதலில் அழுதாள்.
அப்புறம் மீன் நாறுவதைப் பற்றிப் பேசினாள்.
அப்புறம் பேசவே இல்லை,
மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வீட்டு ஐயா, அம்மா எல்லாரும்
வெளியில நின்னாங்களாம் மிஸ். சும்மாதான் நின்னாங்களாம்.
முக்கோண மூக்கு வச்ச சாவியோட ஒராள் வந்துதான்
கதவத் தொறந்தாரு.
எனக்கு அந்தச் சாவி வேணும்."

என்னிடம் இருந்த துண்டுப்பிரசுரங்களில்
அப்படி ஒரு தொழில் இல்லை.
தவணைக்கு அழைக்கும் அதே குரலில்
எட்டு இலக்கங்களை அழைத்தேன்.
பொம்பளப் பிள்ளையா, என்றார்கள் மூன்று பேர்.
கண்டியில் ஒருவர் மட்டும்
சான்றிதழோட வரச் சொல்லுங்க, என்றார்.

அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்
சிங்களத்தில் கேட்டார்,
உயரம் என்றால் பயமா?
இவள் தன் உடைந்த சிங்களத்தில்,
"நாலாயிரம் அடியில பிறந்தேன் சேர்.
உங்க ஆபீசுக்கு நான் இறங்கித்தான் வந்தேன்."
அவர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.
கடிதம் அனுப்புவோம் என்றார்.
கடிதம் வேண்டாம், போன் பண்ணுங்க,
என்று நான் இரண்டு தரம் சொன்னேன்.

திரும்பும் பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் முனகியபோது
கிஷோகாந்தின் குரல் வந்தது.
என் இயர்போன் பழுது, அதனால் அவளுக்கும் கேட்டது.
"மிஸ், சனிக்கிழம வகுப்பு இன்னும் நடக்குதா?
இங்க நாலாம் மாடிக்குப் புடவச் சிப்பம் தூக்குறேன்.
லிப்ட் இருக்கு, ஆறு மாசமா ஓடல.
தோள்பட்ட வீங்கிருச்சி. வேற ஒண்ணுமில்ல.
எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

சதுர்ஷிகா மடியில் கிடந்த மிச்ச விண்ணப்பத்தைத் திருப்பினாள்.
முன்பக்கத்தில் வீட்டு இலக்கம் காலியாகவே இருந்தது.
பின்பக்கத்தில், பஸ்ஸின் குலுக்கலோடு, எழுதினாள்:
இரண்டாம் குறுக்குத் தெரு. நாலாம் மாடி.

"கடை நம்பர் என்னான்னு கேளுங்க மிஸ்."

கேட்டேன்.
வட்டவளையில் சிக்னல் போயிற்று.
ஹட்டனில் வரும்.