நிபந்தனை இருபத்தேழு

செவ்வாய், காலை பத்து மணி.
ஸ்கார்த்விக் நகராட்சி, இரண்டாம் மாடி.
துறைமுகத்துக் கடற்காகம் ஒன்று
ஜன்னல் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருக்கிறது.
உரிமக் குழு கூடியது என்று எழுதுகிறேன்.
பதினோரு வருடமாக இதுதான் வேலை.
நாய்க் கொட்டில், டாக்ஸி, பட்டாசுக் கடை.
இன்று ப்ளூ ஆங்கர்:
மேடை ஒன்று, கம்பம் இரண்டு,
ஆடை களையும் ஆட்டத்துக்கு
உரிமம் புதுப்பிக்கக் கோரும் மனு.

தலைவர் ஹெட்லி ப்ராக்டர்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்கிறார்:
ஒழுக்கம் பற்றிய ஆட்சேபங்களைச்
சட்டப்படி இங்கே கேட்க முடியாது.
ஆகவே எல்லாரும்
கார் நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.
விடுதி நடத்தும் மெரியல் ஆஸ்ப்ரி
முழுப் பூசணிக்காயைக்
கார் நிறுத்துமிடத்தில் மறைக்கிறார்.
பாதிரியார் லொவெல் இரைச்சல் என்கிறார்.
தேவாலயம் பூட்டுவது ஆறுக்கு,
கிளப் திறப்பது பத்துக்கு.
எந்த இரைச்சல் என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளி வாசலிலிருந்து கிளப் வாசல்
இருநூற்றுப் பதினான்கு மீட்டர்.
ஆள் இல்லாததால்
சக்கரக் கோலை உருட்டி அளந்தது நான்.
அன்று மழை.

உரிமையாளர் டெஸ்மண்ட் க்ரீல்
இருபத்தாறு நிபந்தனைகளையும் ஏற்கிறார்:
வெளியிலிருந்து உள்ளே தெரியக்கூடாது.
பலகையில் உடல் கூடாது, நங்கூரம் வரையலாம்.
காமிராப் பதிவு முப்பத்தொரு நாள்.
ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே மூன்றடி.
ஓர் இரவு ஆடுவதற்கு
ஆடுகிறவளே அவருக்குக் கட்டும் அறுபது பவுண்டு பற்றி
நிபந்தனை எதுவும் இல்லை.
அது வியாபாரம், என்கிறார் வக்கீல்.

பிறகு அவள் எழுந்தாள்.
பெயர் குறிப்பில் வர வேண்டாம் என்றாள்.
வரவில்லை. இங்கும் வராது.
மழைக்கோட்டு, கொண்டையில் செருகிய பென்சில்,
கையில் மடித்து மடித்துக் கிழிந்த பஸ் டிக்கெட்.

"மூடினால் நான் ஆடாமல் இருக்கப் போவதில்லை.
எவனோ ஒருவன் வீட்டு வரவேற்பறையில் ஆடுவேன்.
அங்கே காமிரா கிடையாது. பார்டெல் கிடையாது."
வாசல் காவலர் பார்டெல், பின்வரிசையில்,
தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.
"அந்த மூன்றடியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."

மூன்றடி கேட்டு
உலகத்தையே வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.
இவள் கேட்டது
தன்னைத் தன்னிடம் வைத்துக்கொள்ள.

முன்பு அங்கே ஆடிய இன்னொருத்தியின் கடிதமும்
வாசிக்கப்பட்டது. ஒரே சொல்.
மூடுங்கள்.
நீல மையில், இரண்டு முறை கோடிட்டு.
இருவரையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதினேன்.
யாரை முதலில் எழுதுவது என்று
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்ததை
எழுதவில்லை.

கவுன்சிலர் ஈனிட் ஹார்க்கர் கேட்டார்:
குழுவிடம் வேறு ஏதாவது கோரிக்கை?
அவள் யோசிக்கவே இல்லை.
"பின்சந்தில் விளக்கு.
பதினான்கு மாதமாக எரியவில்லை.
விடியற்காலை மூன்றரைக்கு
சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டுதான்
பஸ் நிறுத்தத்துக்குப் போகிறோம்."
அந்தக் கம்பம் என்னுடையதல்ல, என்றார் க்ரீல்,
முதல்முறையாகக் குரல் உயர்த்தி.
உண்மைதான்.
அதில் நகராட்சியின் முத்திரை இருக்கிறது:
ஒரு மீன், ஒரு கிரீடம்,
யாருக்கும் அர்த்தம் தெரியாத லத்தீன் வரி.

பன்னிரண்டே காலுக்குத் தீர்ப்பு.
ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.
ஓராண்டுக்கு உரிமம்.
நிபந்தனை இருபத்தேழு, புதிது:
வாசல் திரை இன்னும் தடிமனாக இருக்க வேண்டும்.
விளக்கு இக்குழுவின் வரம்பில் வராது.
சாலைத் துறைக்கு அனுப்பப்படும்.

அனுப்பும்முன் பழைய கோப்பைப் புரட்டினேன்.
கம்பம் எண் நாற்பத்தொன்று.
போன வருடம் மார்ச்சில் வந்த புகார்:
என் விடுதி அறைகளைக் கூட்டும் பெண்கள்
இருட்டில் அந்தச் சந்தைக் கடந்து வருகிறார்கள்,
தயவுசெய்து கவனிக்கவும்.
கையெழுத்து, மெரியல் ஆஸ்ப்ரி.

அதன் கீழே
'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ரப்பர் முத்திரை.
முத்திரை மேல் சுருக்கொப்பம்.
சற்றே சாய்ந்து, அவசரமாக,
என்னுடையது.