வலப்பக்கப் பாக்கெட்

கிருபாகரன் அனுப்பிய படம்.
"கண்டோன்மென்ட் பக்கம், எழுபத்தி ஒண்ணு" என்று
அடித்துச் சொன்னான்.
நான் எழுபத்தி நாலு என்றேன்,
பெல்பாட்டத்தின் அகலத்தை வைத்து.
அவன் கிருதாவின் நீளத்தை வைத்து மறுத்தான்.
நாங்கள் இருவரும் பிறந்தது எண்பத்தி ஒன்பதில்.

ஒரு தியேட்டர் வாசல்.
கவுன்டருக்கு நீளும் வரிசையில் பதினேழு பேர்,
எண்ணியிருக்கிறேன், மூன்று இரவுகளில் மூன்று முறை.
ஒருத்தி கையில் ஃபிளாஸ்க்.
பாட்டுப் புத்தகம் விற்கிற பையன்
காமிராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறான்.
தப்பான ஓரத்தில் ஒரு ஜட்கா போகிறது.
நாய் தன் காரியத்தைப் பார்க்கிறது.

மேலே, மாடி உயரத்துக்கு, நாயகன்.
வெயில் தின்று ஒரு கன்னம் வெளுத்திருக்கிறது.
இடது கையில் துப்பாக்கி.

இடக்கை நாயகன் யார்?
சிவாஜிநகர் டீக்கடையில், டீ ஆடை கட்டும்வரை
பட்டியல் போட்டோம்.
மூன்று பேர் தேறினார்கள்.
அதில் ஒருவர் வில்லன்,
இன்னொருவர் கிரிக்கெட் ஆடியவர்.

நாயகனின் முழங்காலுக்குக் குறுக்கே
ஒட்டிய சீட்டில் ஏதோ எழுத்து.
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது,
சிறிதாக்கினால் எறும்பு.
எந்த மொழி?
இந்த ஊரில் அது நியாயமான சந்தேகம்.
நர்ஸ் சாவித்ரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்:
"நம்முது இல்லப்பா. உங்க தமிழு."
"தமிழ்னா எனக்குத் தெரியாதா மேடம்? கன்னடம்தான்."
மாடி வீட்டு வெங்கடரமணய்யா
தெலுங்கு இல்லவே இல்லை என்று கையை உதறினார்.
மூன்று மொழியும் கைவிட்ட எழுத்தை
நான் போனில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வரிசையில் நிற்கும் ஆண்களுக்கெல்லாம்
சட்டைப் பாக்கெட் வலப்பக்கம்.
ஒரே தையல்காரர் போல, என்று நினைத்தேன்.
பெண்களுக்கு முந்தானை வலத்தோளில்.
சேட்டு வீட்டுக்காரர்கள், என்று நினைத்தேன்.
தெரியாததற்கெல்லாம் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது,
அதுதான் தொந்தரவு.

செவ்வாய் இரவு இரண்டே முக்கால்.
ஓசூர் ரோட்டில் லாரி இடித்து வந்தவனின் மார்பு.
எக்ஸ்ரே தட்டின் மூலையில் ஈய எழுத்தை வைக்கிறேன்,
இது இடப்பக்கம் என்று சொல்லும் ஒற்றை எழுத்து.
அது இல்லையென்றால் எலும்புக்குத் திசை கிடையாது.
பதினோரு வருடமாக எனக்கு இதற்குத்தான் சம்பளம்.
"மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க."
அவன் பிடித்துக்கொண்டான்.
நானும்.
"விடுங்க" என்று சொல்லச் சற்று நேரமாகிவிட்டது,
பாவம்.

ஈயக் கவசத்தைக் கழற்றாமலே
படத்தை இடம் வலமாகப் புரட்டினேன்.
பாக்கெட்டுகள் வந்து இதயத்தின் மேல் உட்கார்ந்தன.
துப்பாக்கி கை மாறியது.
ஜட்கா சரியான ஓரத்துக்குப் போனது.
சேட்டு வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை.
யாரோ தூக்கக் கலக்கத்தில்
நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.
அரை நூற்றாண்டாக ஒரு தெருவே
இடது கையால் வாழ்ந்திருக்கிறது.

எழுத்து தமிழ்தான்.
இன்றே இப்படம் கடைசி.

சாவித்ரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

படத்தின் பெயர் இருந்த இடத்தில்
யாரோ ஒருவரின் குடை.
ஏர்போர்ட் சவாரிக்கு விழித்திருந்த கிருபாகரன்
நாலு மணிக்கு எழுதினான்:
"அப்ப மறுநாள் புதுப்படம். மறுநாள் வெள்ளி.
இது வியாழக்கிழமைடா."

வருடம் இன்னும் தெரியாது.
வியாழக்கிழமை மட்டும் தெரியும்.
பதினேழாவது ஆள், கட்டம் போட்ட சட்டை,
எக்கி எக்கிக் கவுன்டரைப் பார்க்கிறான்.
புரட்டியதில் அவன் மட்டும்
வலது ஓரத்துக்கு வந்துவிட்டான்,
பாதி முழங்கை படத்துக்கு வெளியே.
அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.
முதல் மணி அடித்தாயிற்றா என்று
முன்னால் நிற்பவரைக் கேட்க
வாயைத் திறந்திருக்கிறான்.