பின்னச்சு

நாற்பது மைலில் தொடங்கி
ஐம்பதில் ஏறும் ஒரு முனகல்.
அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால்
வெட்டினது போல நிற்கும்.
பிறகு கார் தன்பாட்டில் இழுபடும்போது
அடியில் யாரோ கூழாங்கல் அரைக்கிற மாதிரி.

குருநகருக்குக் கொண்டுபோனேன், நீக்கிலஸின் கராஜுக்கு.
அறுபத்தேழாம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட்,
நாலு ஸ்ரீ இலக்கம், பாசிப் பச்சை.
பண்ணை வரை ஓட்டித் திரும்பி வந்தவர்
"ஒண்டும் கேக்கேல்லை, மிஸ்" என்றார்.
பிறகு வலக்காதைத் தொட்டு:
"இது தொண்ணூறில போனது. மற்றது பாதி.
கீச்சுச் சத்தம் இரண்டிலயும் ஏறாது.
நீங்கள்தான் பின்னால கிடந்து கேக்கவேணும்."

நான் பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கிறவள்.
பெட்டி அறைக்குள் ஆட்களை இருத்தி,
ஒவ்வொரு ஓசையாய் அனுப்பி,
விரல் உயர்கிறதா என்று பார்ப்பது தொழில்.

இருக்கைகளுக்குப் பின்னால்
முழங்காலை மடித்துத் தகட்டில் காதை ஒட்டினேன்.
பண்ணைப் பாதை நேர்.
இரண்டு சில்லும் ஒரே கணக்கில் ஓடும் இடத்தில்
டிபறென்சலுக்கு வேலையில்லை.
"முத்தவெளிக்கு விடுவம்" என்றார்.

அங்கே எட்டுப் போட்டோம்.
உள்சில்லு தயங்க வெளிச்சில்லு ஓட,
புழுதிக்குள் மாடுகள் விலகின.
மூன்றாம் எட்டில் பொலிஸ்.
"அம்மா ஏன் பின்னால?"
"கேட்டுக்கொண்டிருக்கிறா."
"என்னத்தை?"
அதற்குப் பதில் நீளம்.
அவனும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து
தகட்டில் காதை வைத்தான்.
கார் நின்றுகொண்டிருக்கிறது என்று
ஒருவரும் சொல்லவில்லை.

திருப்பத்தில் சத்தம் மாறவில்லை.
றிவேர்சுக்கு மாற்ற மட்டும் ஒரு டக்.
நான் சொல்லச் சொல்ல அவர்
சிகரெட் மட்டையில் எழுதினார்.
"முனகிறது பினியன் பெயரிங்.
டக் எண்டது செம்பு வாசர், சின்னச் சாமான்."

அடி ஆணியைக் கழற்றினால்
எண்ணெய் வரவில்லை. களி வந்தது.
விரலில் தேய்த்து மணந்து பார்த்தார்.
"மரத்தூள்."

சுண்டுக்குளியில் விற்ற மனிசன்
"சத்தம் எண்ட பேச்சே இல்லை, அம்மா" என்றது
பொய்யில்லை.
நாலு மாதத்துக்குக் காணக்கூடிய மௌனத்தைக்
கரண்டி கரண்டியாய் உள்ளே போட்டிருக்கிறான்.
களிக்குள் இரும்புப் பொடி
மீன்செதிள் போல மினுங்கியது.

பெயரிங் பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்தது.
வள்ளத்துக்குப் பூசுகிற செந்தூரத்தை
எண்ணெயில் குழைத்துப்
பெரிய சக்கரத்தின் பல்லில் தடவிச் சுற்றினார்.
கடித்த இடம் வெளுத்தது.
"பாருங்கோ, குதியில கடிக்குது."
ஆறு தௌ சிம் வைத்தார். சுற்றினார். துடைத்தார்.
அதை எடுத்து மூன்று. திரும்பவும் செந்தூரம்.
நான் லீவு போட்டு டோர்ச் பிடித்தேன்.
இரண்டாம் நாள் பின்னேரம்
வெளுப்பு பல்லின் நடுவில் வந்து குந்தியது,
புளியங்கொட்டை அளவில்.

ஓடிப் பார்த்தோம்.
"நாற்பத்தஞ்சில இன்னும் ஒரு நூல் கேக்குது."
"அது பல்லுப் பழகின பழக்கம். விடுங்கோ."
மண்டைதீவுச் சந்தி வரை
கியர்ப் பெட்டியின் மேட்டில் உள்ளங்கையை வைத்தபடியே
ஒரு கையால் ஓட்டினார்.
என்னைவிட முந்தி அவருக்கு அது தெரிந்திருக்குமோ?

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தார்.
நகத்துக்குள் இன்னும் செந்தூரம்.
பெட்டிக்குள் இருத்தி, காதில் மாட்டி,
கீழிருந்து தொடங்கினேன்.
இருநூற்றைம்பதில் விரல். ஐந்நூறில் விரல்.
ஆயிரத்தில் கொஞ்சம் பிந்தி.
நாலாயிரத்தில் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
கை மடியிலேயே கிடந்தது.
கண்ணாடிக்கு அங்கால அவர்
மரியாதையாய்க் காத்திருந்தார்.

கோடு கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கிய
கடதாசியை நீட்டினேன்.
பல்லின் வெளுப்பைப் பார்த்த அதே பார்வை, கன நேரம்.

"எத்தினை தௌ வைச்சால் சரிவரும், மிஸ்?"