எண்பது மீட்டர் கயிறு

மே மாதம், பிரேமனில் மழை.
ஆறாம் இலக்க டிராமின் கடைசித் தரிப்பில் இறங்கிக்
கொட்டகைக்குள் நுழைகிறேன்.
வந்து நிற்கிறது
வடமுனையில் ஏழு கிழமை பறந்த விமானம்,
வயிற்றில் எண்ணெய்க் கறையும்
சறுக்குக் கட்டைகளில் கீறலுமாய்.
என்ஜின் புதிது. உடம்புக்கு எண்பது வயது,
ஏதோ ஒரு போருக்காகத் தட்டிய தகரம்.
சிப்பாய்கள் குந்தியிருந்த தரையில்
லேசர்ப் பெட்டிகள், வயர்கள்,
யாரோ சிந்திய பட்டாணி சூப்.

என் வேலை கயிறு.
எண்பது மீட்டர்.
வின்ச்சிலிருந்து இழுத்து நீளத்துக்கு விரித்துக்
கையுறையைக் கழற்றிவிட்டு
விரலால் தடவிக்கொண்டே போவேன்.
கையுறை கட்டாயம் என்று சுவரில் எழுதியிருக்கிறது.
ஹார்ம்கே பார்த்தும் பாராததுபோல்
தேநீர் ஊற்றுவாள்.

கயிற்றின் நுனியில் தொங்குவதை இங்கே
பறவை என்கிறார்கள்.
நாலு மீட்டர் நீளம், உருளை உடம்பு, கூர் மூக்கு.
எந்தப் பறவை அப்படி?
முதல் நாள் அதைத் தூக்கி வந்தபோது
கருவிப் பெட்டிக்குப் பின்னால் குந்திவிட்டேன்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
விசுவமடுவில் பழகியபடி.
திருகாணி தேடுகிறேன் என்று நினைத்து
ட்யார்க்கும் குனிந்து தேடினான்.
பாவம், ஒன்றை எடுத்தும் தந்தான்.

அது வெடிக்காதாம்.
பனிக்கு மேலே ஒரு பனை உயரத்தில் போய்
எவ்வளவு தடிப்பு என்று கேட்குமாம்.
கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்புமாம்.

கிளிநொச்சியிலிருந்து மச்சாள் போனில்:
குண்டு போடாத விமானத்துக்கு
அங்கே என்னடி வேலை?
கேட்கிற வேலை, என்றேன்.
என்ன, என்ன, கேட்கவில்லை, என்றாள்.
லைன் அறுந்தது.

அறுபத்தோராம் மீட்டரில் விரல் நிற்கிறது.
ஒரே ஒரு இழை,
மயிரளவு மேலெழும்பி.
சிவப்பு நாடா கட்டுகிறேன்.
ஹார்ம்கே, புதுக் கயிறு எழுது.

அப்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம்.
மயோர்க்காவுக்குப் போகிற விடுமுறைக் கூட்டம்தான்,
தெரியும்,
நேர அட்டவணை கூட மனப்பாடம்.
அண்ணாந்தால் கூரைத் தகரம்.
மழை.

விரல் மட்டும்
இழையை விடவில்லை.