படிந்த விலை

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி.
டுலூத்தில் அதற்குள் கும்மிருட்டு.
ஏரிக் காற்று ஷோரூம் கண்ணாடியைத்
தோளால் இடித்துக்கொண்டே இருக்கிறது.
உள்ளே பலூன்கள், ஆறிப்போன காபி,
'இன்றே கடைசி' என்று
போன மாதமும் தொங்கிய பதாகை.

ட்ரெவர் நாற்காலியை இழுத்துப் போட்டான்.
பெட்டியிலிருந்து பிரித்த மடிப்பு இன்னும் கலையாத சட்டை.
"மாதம் எவ்வளவு கட்ட முடியும் உங்களால்?"
மாதம் கிடக்கட்டும் தம்பி, மொத்தத்தைச் சொல்.
மாதம் என்பது வெங்காயம்,
உரிக்க உரிக்க வருஷங்கள் வரும்,
கடைசியில் எரிவது என் கண்.

எழுதினான்: முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது.
அடியில் பொடி எழுத்தில்
துருப்பூச்சு எழுநூறு,
டயருக்கு நைட்ரஜன் இருநூறு,
ஆவணக் கட்டணம், அதற்கொரு கட்டணம்.
காற்றுக்குமா காசு?
வெளியே சும்மாதானே அடிக்கிறது?
சிரித்தான். நைட்ரஜனை அடித்தான்.

என் கணக்கு மின்கட்டண உறையின் முதுகில் இருந்தது.
ஏழு கடை, ஏழு விலை.
பாலத்துக்கு அப்பால் சுப்பீரியரில் ஒருவன்
இருபத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது என்று
எழுத்திலேயே தந்திருந்தான். ஏழு மணிவரை திறந்திருப்பான்.
உறையைக் கவிழ்த்து வைத்தேன்.
கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை,
எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் போல.

"மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டு வருகிறேன், மிஸஸ் லாம்பி."
எல்லா விற்பனையாளரும் போகும் யாத்திரை.
கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் சத்தம் வராது.
அவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இருபத்தாறு வருஷம் க்ளோகே காகித ஆலையில்
நாலாம் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவள் நான்.
அங்கே காது முதல் வருஷமே ராஜினாமா செய்துவிடும்.
யாருக்குக் கல்யாணம், யாருக்கு விரல் போயிற்று,
இன்று கேன்டீனில் என்ன,
எல்லாம் உதட்டைப் பார்த்துப் படிப்போம்.
பத்தடி தூரம், இப்படியொரு வெளிச்சம்:
எனக்கு அது கொட்டை எழுத்து.

மேனேஜருக்குப் புதர் மீசை. பாதிதான் படிக்க முடிந்தது.
'இழுவை வண்டியில்தான் ... வந்திருக்கிறாள் ...
எங்கே போய்விடுவாள் ... முப்பதுக்குக் கீழே ...'
ட்ரெவருக்கு மீசை கிடையாது.
'அடக்கம் இருபத்தெட்டு இருநூறு, சார்.
ஐந்நூறு நின்றால் போதுமே.
இன்றைக்குள் பன்னிரண்டாவது வண்டி போகாவிட்டால்
எனக்கு போனஸே இல்லை.'
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
முதுகைப் படிக்க எனக்குத் தெரியாது.
ஆனால் தோள் இறங்கியது.

திரும்பி வந்து சொன்னான்:
"உங்களுக்காகச் சண்டையே போட்டேன். முப்பது."
பொய்யென்றும் சொல்ல முடியாது.
போட்டான்தான். எனக்காக அல்ல.

இருபத்தெட்டு எழுநூறு என்றேன்.
கட்டணம் எல்லாம் அதற்குள். துருப்பூச்சு வேண்டாம்.
சுப்பீரியர்க்காரனைவிட முந்நூற்றைம்பது கூடுதல்.
இந்தப் பனியில் டாக்ஸி பிடித்துப்
பாலம் கடக்கச் சோம்பலா,
அந்தத் தோள் இறங்கியதைப் பார்த்த கோளாறா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

இந்த முறை அவன் போய்வர இரண்டு நிமிடம்தான்.
நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வண்டியின் மேல்
பனி படிந்துகொண்டிருந்தது.
உள்ளே விலையும்.

ஆறு இடத்தில் கையெழுத்து. சாவி.
பன்னிரண்டு நல்ல எண், வாழ்த்துகள் என்றேன்.
பேனா அவன் கையில் அப்படியே நின்றது.
கண்ணாடி அறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி கண்ணாடி அறையை.

மீசை வளர்த்துக்கொள், ட்ரெவர்,
என்று சொல்லிவிட்டு
இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தேன்.