பதினொன்றாம் வரிசை

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில்
அவருக்குப் பெயர் கிடையாது.
அட்டவணையில் பதினொன்றாம் வரிசை:
ஆண், ஐம்பத்திரண்டு, வலக்கை நடுக்கம்,
நோய் தொடங்கி ஒன்பது ஆண்டு.
தொழில் என்ற கட்டத்தில் 'வியாபாரம்' என்று அடித்திருந்தேன்.

வியாபாரமில்லீங்க, தரகு, என்றார் மாரப்பன்.
கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகு.
அங்கே விலையை வாய் சொல்லாது.
ஒரு துண்டு, அதற்கடியில் இரண்டு கை.
எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் பேச்சு.
சுற்றி நிற்பவனுக்குத் துணி அசைவது மட்டும் தெரியும்.

மூன்று வருசம் முன்பு ஒரு வியாழக்கிழமை
செவலைக் காளைக்கு அறுபத்துநாலு பேசப்போன கை
தானாக உதறிற்று, நொடிக்கு ஐந்து தரம்.
பாலக்காட்டுக்காரனுக்கு அது எழுபதாகவும் பட்டது,
ஐம்பதாகவும் பட்டது.
'கையைச் சும்மா வை' என்று சிரித்தானாம்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்
அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
தலையைச் சட்டத்தில் பூட்டி, விழித்திருக்க வைத்து,
மயிரிழைக் கம்பியை இறக்கினார்கள்
தட்டப்பயறு அளவுள்ள ஓர் இடத்துக்கு.
ஒலிபெருக்கியில் அதன் செல்கள்
சட்டியில் நிலக்கடலை வறுபடுவதுபோல் பொரிந்தன.
'அது நானுங்களா?'
யாரும் பதில் சொல்லவில்லை.
கம்பி அரை மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

காறையெலும்புக்குக் கீழே பேட்டரி.
அவர் கேட்டதையெல்லாம் பின்னட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.
மாடு முட்டினா ஒயரு அறுந்துருமுங்களா?
ஊருல கரண்டு போனா நானும் நின்னுருவனா?

என் வேலை அதற்கப்புறம்தான்.
நூற்றுமுப்பது ஹெர்ட்ஸ், அறுபது மைக்ரோ நொடி;
இவற்றைத் தொடாமல் மின்னோட்டத்தை மட்டும்
துளித்துளியாக ஏற்றுவது.
இரண்டு புள்ளி ஒன்றில் நடுக்கம் பாதியானது.
சுருள் வரையச் சொன்னேன், கோணல் முறுக்கு வந்தது.
மூன்று புள்ளி இரண்டில் கை கல்லாய் நின்றது.
ப-த-க, ப-த-க, திருப்பிச் சொல்லுங்கள் என்றேன்.
நனைந்த சாக்கை இழுப்பதுபோல் வந்தது குரல்.

என் கருதுகோள் இரண்டு புள்ளி நான்கில் இருந்தது,
கையும் வாயும் சமாதானம் ஆகிற இடம்.
மற்ற இருபத்திரண்டு பேரும் அதை ஒட்டித்தான் நின்றார்கள்.
பூவாத்தாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சொன்னாள்:
'கையி ஆடுனா ஆடிட்டுப் போவுதுங் அம்மிணி,
ராத்திரிக்கு அந்த மனுசன் எங்கூடப் பேசோணும்.'
மாரப்பன் அவளைப் பார்க்கவில்லை.
திரையில் கடைசி எண்ணைத் தொட்டார்.

பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
விலகல் புள்ளி. நீக்கிவிடலாமா?
நீக்கிப் பார்த்தேன்.
வரைபடம் அத்தனை அழகாக இருந்தது.
இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

மூன்றாம் நாள் வியாழன்.
ஈரோட்டுக்கு முதல் பஸ்.
சாணிச் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது.
ஒரு லாரிக்குப் பின்னால், யாருடைய கையையோ
துண்டுக்குள் பிடித்தபடி நின்றார்;
முகத்தில் ஒன்றும் இல்லை, தரகனுக்கு இருக்கவும் கூடாது.
பேரம் முடிந்து என்னைப் பார்த்தார்.
ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை.
மறுபடி சொன்னார். இன்னும் விளங்கவில்லை.
பூவாத்தாளுக்கு விளங்கியிருக்குமோ என்னவோ,
அவள்தான் என்னோடு பேசுவதை விட்டுவிட்டாளே.

துண்டை என் கைமேல் போட்டார்.
இருட்டுக்குள் என் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தார்.
விட்டார். பிறகு இரண்டு.
துணி அசையவே இல்லை.

பக்கத்தில் கட்டியிருந்த மயிலைக் கன்றின் விலை
முப்பத்திரண்டாயிரமா,
மூன்று புள்ளி இரண்டு மில்லி ஆம்பியரா
என்று நான் கேட்கவில்லை.